கேர்ட்டும் டெய்சியும்: லண்டன் அக்கா தங்கையின் பகிடி

(எமது சங்கத்தின் மாதாந்த ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நாங்கள் வாழும் நகரத்தைப் பற்றி ஆளுக்கொரு விடயம் பேச வேண்டும் என்று செயலாளர் கேட்டார். போன மாதம் பேசியவர் தேம்ஸ் நதியைப் பற்றிப் பேசினார். அதற்கு முந்தியவர் பாராளுமன்றத்தைப் பற்றிப் பேசினார். நான் இரண்டு பொம்பிளையளைப் பற்றிப் பேசப் போகிறேன். ஒருவர் அக்கா, மற்றவர் தங்கை. அக்காவின் பெயர் எல்சி வாட்டர்ஸ், தங்கையின் பெயர் டோரிஸ் வாட்டர்ஸ். இந்தப் பெயர்களைச் சொன்னால் இன்றைக்கு வெள்ளைக்காரப் பெடியளுக்கும் தெரியாது. ஆனால் அறுபது எழுபது வயது தாண்டிய லண்டன்காரர் ஒருவரிடம் 'கேர்ட்டும் டெய்சியும்' என்று சொல்லிப் பாருங்கள். முகத்தில் ஒரு சிரிப்பு வரும். மேடையிலும் வானொலியிலும் இந்தச் சகோதரிகள் போட்ட வேடங்களின் பெயர்கள்தான் அவை. எல்சி கேர்ட், டோரிஸ் டெய்சி.

எனக்கு இவர்களைத் தெரிய வந்தது வேலைத்தலத்தில். நானும் என் தங்கையும் ஒரே சான்ட்விச் பக்டரியில், ஒரே பெல்ட்டில் நிற்கிறோம். கை வேலை செய்யும், வாய் கதைக்கும். எங்களுக்கு எதிர்ப்பக்கம் நிற்கும் வயதான ஆங்கிலேய மனிசி ஒருநாள், நீங்கள் இரண்டு பேரும் கேர்ட்டும் டெய்சியும் மாதிரி என்று சொன்னா. ஏசுகிறாவோ புகழுகிறாவோ என்று விளங்கவில்லை. தேடிப் பார்த்தபோதுதான், அது நல்ல வார்த்தை என்று விளங்கியது. தேடத் தேட, இது எங்கட சனத்துக்குச் சொல்ல வேண்டிய கதை என்றும் பட்டது.

எல்சி பிறந்தது 1893 இல், கிழக்கு லண்டனில் போ பகுதியில். உங்களில் பலர் டிஸ்ட்ரிக்ட் லைன் ரயிலில் ஈஸ்ட் ஹாமுக்குச் சாமான் வாங்கப் போகிறவர்கள். போ ரோட் தாண்டி, புரொம்லி-பை-போ தாண்டி, அங்கிருந்து நாலாவது தரிப்பு ஈஸ்ட் ஹாம். நாங்கள் முருங்கைக்காயும் கருவேப்பிலையும் வாங்கப் போகிற வழியில்தான் இவர்கள் பிறந்து வளர்ந்த தெருக்கள் இருக்கின்றன.

தகப்பனாருடைய தொழில் சவச்சடங்குச் சாமான் வியாபாரம். பிரிட்டனைச் சிரிக்க வைத்த பிள்ளைகள் சாவீட்டுச் சாமான் விற்ற வீட்டில் இருந்து வந்தார்கள் என்றால், இதை அவர்களே ஒரு பகிடியாக எழுதியிருக்கலாம். ஆனால் அந்தத் தகப்பனுக்குச் சங்கீதத்தில் பெரிய ஆசை. ஆறு பிள்ளைகளுக்கும் வாத்தியம் பழக்கி, வீட்டுக்குள்ளேயே ஒரு சின்ன வாத்தியக்குழுவை உண்டாக்கி, முதியோர் இல்லங்கள் போன்ற இடங்களில் வாசிக்க வைத்தார். எல்சிக்கு வயலின், டோரிஸுக்குப் பியானோ. போவில் இருந்த கோபோர்ன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் படித்து, பிறகு கில்ட்ஹோல் சங்கீதப் பள்ளியிலும் பயின்றார்கள்.

ஆகவே இவர்கள் தொடக்கத்தில் பகிடிக்காரர் அல்ல, முறையாகப் படித்த சங்கீதக்காரர். 1920களில் கடற்கரை ஊர்களில் கோடை காலத்தில் நடக்கும் கலைநிகழ்ச்சிக் குழுக்களில் சேர்ந்து வாசித்தார்கள், பாடினார்கள். பாட்டுக்களைத் தாங்களே எழுதி, தாங்களே மெட்டும் போட்டார்கள். அந்தப் பத்தாண்டின் கடைசியில் வானொலிக்கும் வந்துவிட்டார்கள். ஆனால் அப்படிப் பாடிய சோடிகள் அந்த நாளில் எத்தனையோ இருந்தன.

1930 இல் பார்லபோன் கம்பனிக்கு ஒரு இசைத்தட்டுப் பதிவு செய்யப் போனார்கள். பழைய இசைத்தட்டுக்கு இரண்டு பக்கம் என்பது வயதானவர்களுக்குத் தெரியும். ஒரு பக்கத்துக்குப் பாட்டு இருந்தது. மற்றப் பக்கத்துக்கு ஏதாவது வேண்டும். கோயில் வாசலில் ஒரு கலியாணம் நடக்கிறது, மணி அடிக்கிறது, இரண்டு அயல் வீட்டுப் பொம்பிளையள் அதைப் பார்த்து நின்று கதைக்கிறார்கள் என்று ஒரு சின்ன உரையாடலை எழுதிப் பேசினார்கள். அந்தப் பொம்பிளையளுக்கு வைத்த பெயர்கள்தான் கேர்ட், டெய்சி. இடம் நிரப்ப வைத்த பக்கம்தான் சனத்துக்குப் பிடித்தது. அதற்குப் பிறகு ஏறக்குறைய முப்பது வருடம் அந்த இரண்டு பொம்பிளையளும் கதைத்துக்கொண்டே இருந்தார்கள். 1934 இல் அரச குடும்பத்தின் முன்னால் நடக்கும் றோயல் வெரைட்டி மேடையிலும் போய்க் கதைத்தார்கள்.

அப்படி என்னத்தைக் கதைத்தார்கள்? ஒன்றும் பெரிதாக இல்லை. டெய்சிக்கு பேர்ட் என்று ஒரு புருஷன். கேர்ட்டுக்கு வொலி என்று ஒரு மாப்பிள்ளை, கலியாணம் மட்டும் நடந்த பாடில்லை. பக்கத்து வீட்டுக் கிழவி, கடைச் சாமான் விலை, தொப்பி, இடுப்பு நோ, இதுகள்தான். எங்கட ஊரில் கிடுகு வேலிக்கு இந்தப் பக்கம் ஒருவரும் அந்தப் பக்கம் ஒருவரும் நின்று, பொட்டுக்குள்ளால் கறி குடுத்து வாங்கிக்கொண்டு கதைப்பார்களே, அதே கதைதான். அதைக் கிழக்கு லண்டன் பேச்சில், 'கொக்னி' என்று சொல்லும் அந்தத் தெருப்பேச்சில், அப்படியே கதைத்தார்கள்.

அந்தக் காலத்து பி.பி.சி. எப்படி இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். அறிவிப்பாளர்கள் எல்லோரும் மேட்டுக்குடி ஆங்கிலத்தில் பேசியவர்கள். அந்த வானொலிக்குள்ளே போ தெருவில் சந்தைக்குப் போகும் ஒரு மனிசியின் பேச்சு வருகிறது என்றால், அந்த மனிசிக்கு எப்படி இருந்திருக்கும்? எங்கட பெரியவர்களுக்கு இது விளங்கும். இலங்கை வானொலியில் சானா அவர்களின் லண்டன் கந்தையா வந்தபோதும், கே. எஸ். பாலச்சந்திரன் 'அண்ணை றைற்' என்று பஸ் கொண்டக்டராக வந்தபோதும், யாழ்ப்பாணத்துச் சனம் ஏன் அவ்வளவு சந்தோசப்பட்டது? பகிடிக்காக மட்டுமா? எங்கட பேச்சு வானொலியில் வருகுது என்ற சந்தோசமும்தானே!

இன்னொரு விடயமும் கவனிக்க வேண்டும். சோடியாகப் பகிடி செய்பவர்களில் வழக்கமாக ஒருவர் கெட்டிக்காரர், ஒருவர் மொக்கர். கவுண்டமணி அடிப்பார், செந்தில் வாங்குவார். 1989 இல் வந்த 'கரகாட்டக்காரன்' வாழைப்பழப் பகிடியை இந்த மண்டபத்தில் சிரிக்காமல் பார்க்கக்கூடியவர் யாரும் இல்லை. நானும் சிரிப்பேன். ஆனால் கேர்ட்டும் டெய்சியும் அந்த வழியில் போகவில்லை. இரண்டு பேரும் சமம். ஒருத்தி தொடங்குவா, மற்றவ முடிப்பா. ஒருத்தியை ஒருத்தி மட்டம் தட்டிச் சிரிப்பு எடுப்பதில்லை. ஒரு குசினியில் ஒன்றாக வளர்ந்த அக்கா தங்கையால்தான் அப்படிக் கதைக்க முடியும் என்று நினைக்கிறேன். மூச்சு எடுக்கும் இடம்கூடத் தெரியும்.

 தங்கள் உரையாடல்களைப் பெரும்பாலும் இவர்களே எழுதினார்கள். மேடைக் கலைஞர் ஒருவர் ஊர் ஊராகப் போய் ஒரே நிகழ்ச்சியை வருடக்கணக்கில் செய்யலாம். வானொலியில் ஒருநாள் சொன்ன பகிடி அன்றிரவே நாடு முழுவதும் பழசாகிவிடும். அடுத்த கிழமை புதுசு வேண்டும். சிரிக்க வைப்பது லேசான வேலை என்று நினைக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

பிறகு யுத்தம் வந்தது. 1940 தை மாதம் 8 ஆம் திகதி இந்த நாட்டில் உணவுப் பங்கீடு தொடங்கியது. முதலில் பன்றி இறைச்சி, பட்டர், சீனி. பிறகு தேயிலை, இறைச்சி, சீஸ் என்று ஒவ்வொன்றாக. யுத்த காலத்தில் ஒரு ஆளுக்குக் கிழமைக்கு ஏறக்குறைய 2 அவுன்ஸ் தேயிலை, ஒரு முட்டை. எங்கள் பெரியவர்களுக்குக் கூப்பன் என்றால் என்ன என்று பாடம் எடுக்கத் தேவையில்லை. எனக்கும் தேவையில்லை. 2006 ஆவணியில் ஏ-9 பாதை பூட்டியபோது நான் யாழ்ப்பாணத்தில் ஏ.எல். படித்துக்கொண்டிருந்தேன். சங்கக்கடை வாசலில் சீனிக்கும் மாவுக்கும் விடியப்புறமே கியூ. 1940 இல் லண்டன் பொம்பிளை ஒருத்தி கூப்பன் புத்தகத்தோடு நின்ற அதே கியூதான்.

அரசாங்கத்துக்கு அப்போது ஒரு சிக்கல் இருந்தது. இருக்கிற சாமானை வைத்து எப்படிச் சமைப்பது என்று சனத்துக்குச் சொல்ல வேண்டும். உருளைக்கிழங்கும் கரட்டும் இருக்கிறது, ஓட்ஸ் இருக்கிறது, அதை வைத்துச் சமாளியுங்கள் என்று சொல்ல வேண்டும். ஆனால் சமையற்காரி வைத்துச் சாப்பிடும் ஒரு துரைசானி வானொலியில் வந்து, ஆறு பிள்ளை பெற்ற போ தெரு மனிசிக்குச் சிக்கனம் படிப்பித்தால், அந்த மனிசி என்ன சொல்லுவா? வானொலியை நூர்த்துப்போட்டுப் போய்விடுவா.

அந்த இடத்தில்தான் இந்த அக்கா தங்கையைக் கூப்பிட்டார்கள். 1940 சித்திரையில் ஒரு சிறு தொடர் வந்தது. முரடனுக்குச் சாப்பாடு போடு என்ற கருத்தில் ஒரு பெயர். முரடன் யார்? புருஷன்தான்! கேர்ட்டும் டெய்சியும் வழமை போல ஊர்க்கதை கதைப்பார்கள். கதைக்கு நடுவில் ஒரு சமையல் முறை வந்து போகும். கேட்டவர்களுக்குப் பாடம் கேட்டது போல இராது, பக்கத்து வீட்டில் கேட்டது போல இருக்கும். ஆயிரக்கணக்கில் கடிதங்கள் வந்தன. அந்த வருடம் ஆனி மாதத்தில் இருந்து காலை எட்டேகால் மணிக்கு, செய்தி முடிந்த கையோடு, 'கிச்சன் புரொண்ட்' என்ற ஐந்து நிமிட நிகழ்ச்சி வரத் தொடங்கியது. அதிலும் இவர்கள் வந்தார்கள். உணவு அமைச்சர் வூல்ட்டன் பிரபுவின் பெயரிலேயே இறைச்சி இல்லாத ஒரு மரக்கறிப் பை அப்போது நாடெங்கும் அறிமுகமானது. அதைச் சாப்பிடச் சொல்வது அரசாங்கத்தின் வேலை. சாப்பிட்டுவிட்டுச் சிரிக்க வைப்பது இவர்களின் வேலை.

இதைக் கேட்க எனக்கு 2020, 2021 கொரோனாக் காலம் ஞாபகம் வருகுது. எங்கட வயதான ஆட்களுக்கென்று தமிழில் துண்டுப்பிரசுரங்கள் வந்தன. நல்ல நோக்கம்தான். ஆனால் அந்தத் தமிழை வாசிக்க ஒரு பண்டிதரைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். எங்கட ஆச்சிமார் அதை மடித்து மேசைக் காலுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, பக்கத்து வீட்டுப் பாக்கியம் அக்கா ஊசி போட்டவாவோ எண்டு கேட்டார்கள். பாக்கியம் அக்கா போட்டால் எல்லோரும் போடுவார்கள். 1940 இல் கேர்ட்டும் டெய்சியும் செய்தது பாக்கியம் அக்காவின் வேலை.

1940 புரட்டாதி 7 ஆம் திகதி லண்டன் மீது பெரும் குண்டுவீச்சுத் தொடங்கியது. அன்றிலிருந்து 57 இரவுகள் விடாமல் விழுந்தது. முதல் அடி வாங்கியது கிழக்கு லண்டன், துறைமுகப் பக்கம், இவர்கள் பிறந்த பகுதி. பங்கருக்குள் படுத்தெழும்பியவர்கள் இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள், நான் விவரிக்கத் தேவையில்லை. ஜெர்மன் வானொலியில் ஆங்கிலத்தில் பேசிய 'லோர்ட் ஹோஹோ' என்ற பிரசாரகர், கேர்ட்டும் டெய்சியும் வந்து உங்களைக் காப்பாற்றப் போவதில்லை என்று ஒரு ஊர்ச்சனத்தைப் பார்த்து நக்கலடித்ததாக இங்கே சொல்லுவார்கள். எதிரி பெயர் சொல்லிப் பேசும் அளவுக்கு இரண்டு பகிடிக்காரப் பொம்பிளையள் முக்கியமாகி இருக்கிறார்கள்!

1941 இல் பி.பி.சி. 'வேர்க்கர்ஸ் பிளேடைம்' என்று ஒரு நிகழ்ச்சியைத் தொடங்கியது. ஆயுதம் செய்யும் தொழிற்சாலைகளின் கன்டீனில், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், தொழிலாளிகள் முன்னால் மேடை போட்டு நேரடியாக ஒலிபரப்புவது. எந்தத் தொழிற்சாலை என்று சொல்ல மாட்டார்கள், எதிரிக்குத் தெரிந்துவிடும். பிரிட்டனில் எங்கோ ஓரிடம் என்று மட்டும் சொல்லுவார்கள். 1964 வரை ஓடிய நிகழ்ச்சி. நம்மட சகோதரிகள் அதில் அடிக்கடி வந்தார்கள். பெல்ட்டில் நிற்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன், அரை மணித்தியாலச் சாப்பாட்டு இடைவேளையில் ஒரு நல்ல பகிடி கேட்டால் பின்னேரம் நாலு மணி மட்டும் அது தாங்கும். மூன்று படங்களிலும் நடித்தார்கள், 1942 இல் இரண்டு, 1944 இல் ஒன்று. பர்மாப் போர்முனை வரை போய், அங்கே இருந்த சிப்பாய்களையும் சிரிக்க வைத்தார்கள். 1946 இல் இருவருக்கும் ஓ.பி.ஈ. விருது கிடைத்தது.

பங்கீடு முற்றாக முடிந்தது 1954 ஆடி மாதத்தில். பதினான்கு வருடம்! யுத்தம் முடிந்தும் ஒன்பது வருடம் கியூ நிற்கவில்லை. கேர்ட்டும் டெய்சியும் கூடவே நின்றார்கள். 1956 இல் கிராமத்துக் கடை ஒன்றை நடத்தும் இரண்டு பொம்பிளையளாக ஒரு வானொலித் தொடர், 1959 இல் தொலைக்காட்சியில் ஒரு சிறு தொடர். அதோடு மெல்ல மங்கத் தொடங்கியது. தொலைக்காட்சிக்கு வேறு முகங்கள் வந்தன. வேலியில் நின்று கதைக்கும் தெருக்களை இடித்து மாடி வீடுகள் கட்டினார்கள். டோரிஸ் 1978 இல் காலமானார். எல்சி 1990 இல், 96 வயதில்.

இவர்களுக்கு ஒரு சகோதரன் இருந்தார். ஹொரஸ் ஜோன் வாட்டர்ஸ். அவரும் கலைத்துறைக்கு வந்தார். ஆனால் வாட்டர்ஸ் என்ற பெயரோடு வரவில்லை. சகோதரிகளின் புகழில் ஏறி வந்தவன் என்று யாரும் சொல்லக் கூடாது என்று, ஜாக் வோர்னர் என்று பெயரை மாற்றிக்கொண்டார். 1955 இல் இருந்து 1976 வரை பி.பி.சி. தொலைக்காட்சியில் 'டிக்சன் ஒஃப் டொக் கிரீன்' என்ற தொடரில் பொலிஸ்காரராக நடித்தவர் இவர்தான். கடைசிக் காலத்தில் எண்பது வயது பொலிஸ்காரர்! எங்கட ஊரில் இன்னாரின்ரை தங்கச்சி, இன்னாரின்ரை பெண்சாதி என்றுதான் பொம்பிளையளுக்கு அடையாளம். இங்கே ஒரு ஆம்பிளை, அக்கா தங்கையின் பெயர் பெரிதாக இருந்ததால் தன் பெயரை மாற்றியிருக்கிறார். முன்வரிசைப் பெண்பிள்ளைகள் இதை மறக்க வேண்டாம்.

இனி நான் பேச வந்த விடயத்துக்கு வருகிறேன்.

இவர்கள் ஏழைத் தெருவில் பிறந்தாலும் பட்டினி கிடந்த குடும்பம் அல்ல. தகப்பன் கடை வைத்திருந்தவர். பிள்ளைகள் சங்கீதப் பள்ளிக்கூடம் போனவர்கள். அப்படிப் பார்த்தால் தங்களைவிடக் குறைந்த வசதியுள்ள பொம்பிளையளின் பேச்சைத்தான் மேடையில் பேசினார்கள். அது நையாண்டி இல்லையா என்று யாரும் கேட்கலாம். நானும் யோசித்தேன். எனக்கு விடையாகப் பட்டது இதுதான்: கேர்ட்டும் டெய்சியும் பேசும் விதத்துக்காக யாரும் சிரிக்கவில்லை, அவர்கள் சொன்ன விடயத்துக்குச் சிரித்தார்கள். அடி விழுந்தது புருஷனுக்கு, விலைவாசிக்கு, கூப்பனுக்கு. அந்தப் பேச்சுப் பேசிய பொம்பிளையளே வானொலிக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்கள்.

இப்போது எங்கட மேடைகளைப் பாருங்கள். ஒரு விழாவில், எந்த விழா என்று சொல்ல மாட்டேன், ஒரு பகிடி நாடகம் போட்டார்கள். ஊரில் இருந்து புதிதாக வந்த ஒரு அம்மா, பஸ்ஸில் ஏறிப் பிழையாக இங்கிலிஷ் கதைக்கிறா, றைவர் ஏசுகிறார், சனம் விழுந்து விழுந்து சிரிக்குது. எனக்குப் பக்கத்தில் வந்து மூன்று மாதமான ஒரு அம்மா இருந்தா. அவவும் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா. வெளியே வரும்போது மெல்லச் சொன்னா: "பிள்ளை, நானும் உப்பிடித்தானே கதைக்கிறன். இனி கடையிலை வாய் திறக்கமாட்டன். விரலாலை காட்டி வாங்குவன்."

நாடகம் போட்ட பிள்ளைகள் கெட்ட பிள்ளைகள் இல்லை. ஒருவரையும் நோகப் பண்ண வேண்டும் என்று போடவுமில்லை. ஆனால் அந்த அம்மா ஆறு மாதத்தில் பழகியிருக்க வேண்டிய பாஷை அன்றைக்குப் பின்னால் போனது. சிரிப்பு ஒரு மனிசியின் வாயை அடைத்தது. 1940 இல் கேர்ட்டும் டெய்சியும் போ தெரு மனிசியின் பேச்சுக்கு நாட்டின் வானொலியில் கதிரை போட்டுக் கொடுத்தார்கள். நாங்கள் எங்கட அம்மாவை எங்கட மண்டபத்திலேயே வாய் பொத்த வைத்திருக்கிறோம்.

பகிடி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பகிடி இல்லாமல் எங்கட சனம் உயிர் தப்பியிருக்காது. சின்னமணி அவர்களின் வில்லிசையை இரவிரவாக நித்திரை முழித்துக் கேட்ட சனம் நாங்கள். 2006 இல் அந்தச் சங்கக்கடைக் கியூவில் நின்ற மனிசியள் சொன்ன பகிடிகளைக் கேட்டுச் சிரித்து நான் பசியை மறந்திருக்கிறேன். ஒருவரும் அதை எழுதி வைக்கவில்லை. சொன்னவர்களில் சிலர் இன்று உயிரோடு இல்லை. பகிடியும் அவர்களோடு போய்விட்டது. லண்டன்காரர் தங்கள் கியூவின் சிரிப்பை இசைத்தட்டிலும் படத்திலும் பிடித்து வைத்திருக்கிறார்கள்.

ஆகவே என் கோரிக்கை சிறியது. எங்கட வருடப்பிறப்பு விழாவில் பரதநாட்டியம் இருக்கும், மிருதங்கம் இருக்கும், பேச்சுப்போட்டி இருக்கும். எல்லாம் இருக்கட்டும். அதோடு ஒரு பத்து நிமிடம், ஒரு வீட்டு அக்கா தங்கையோ, அண்ணன் தம்பியோ, இரண்டு பேர் வந்து கதைக்கட்டும். பெரிய கதை வேண்டாம். வேடம் வேண்டாம். இரண்டு கதிரை போதும். சங்கீதம் படிக்கிற பிள்ளைகள் நடுவில் ஒரு பாட்டை, சொந்தமாகக் கட்டிய பாட்டை, வாசிக்கட்டும். எங்கட பிள்ளைகள் கிரேட் பரீட்சைக்குக் கீபோர்ட்டும் வயலினும் படிக்கிறார்கள். எல்சியும் டோரிஸும் தொடங்கியதும் அப்படித்தான்.

என்னத்தைக் கதைக்கிறது என்று கேட்பீர்கள். எங்கட பெல்ட்டில் கதைத்த ஒன்றைச் சொல்கிறேன்.

"அக்கா, வீட்டிலை ஹீற்றர் போட்டனியோ?"

"போட்டனான்."

"எவ்வளவு நேரம்?"

"போய் மீற்றரைப் பாத்திட்டுத் திரும்பி வரும் மட்டும்."

"அத்தார் சமையலுக்கு ஏதும் உதவி செய்யிறவரோ?"

"ஏன் செய்யாமல்? நான் மிளகாய் வறுக்கேக்கை ஸ்மோக் அலாமுக்குக் கீழை நிண்டு துவாயாலை விசுக்கிறார்."

நீங்கள் சிரித்தீர்கள். ஏன் சிரித்தீர்கள்? உங்கட வீட்டிலும் அந்தத் துவாய் இருக்குது. இதில் யாருடைய இங்கிலிஷும் பகிடி இல்லை, யாருடைய தமிழும் பகிடி இல்லை. மூன்று மாதத்துக்கு முந்தி வந்த அம்மாவும் சிரிப்பா, முப்பது வருடத்துக்கு முந்தி வந்த ஐயாவும் சிரிப்பார். இங்கே பிறந்த பிள்ளைகள் தங்கட கலப்புத் தமிழிலேயே கதைக்கட்டும். "அம்மம்மா, சார்ஜர் எங்க வச்ச நீங்கள்?" என்பதும் எங்கட பேச்சுத்தான். அதைத் திருத்தித் திருத்தித்தான் பல பிள்ளைகள் தமிழே வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டார்கள்.

பாட்டனார், பேத்தியார் இருக்கிற வீடுகளில் ஒரு வேலை செய்யுங்கள். போனை மேசையில் வைத்து ஒலிப்பதிவுப் பொத்தானை அமத்திவிட்டு, அவர்களைக் கதைக்க விடுங்கள். பேட்டி எடுக்க வேண்டாம். பேட்டி என்றால் உடனே செந்தமிழ் கதைப்பார்கள். மரக்கறி வெட்டும்போது, அப்பளம் பொரிக்கும்போது கதைக்கிறதைப் பிடியுங்கள். அடுத்த வருடப்பிறப்புக்கு மேடையில் கதைக்க அதற்குள்ளேயே பத்து நிமிடம் கிடைக்கும். அவர்களைக் கேட்டு, அவர்கள் ஓம் என்றால் மட்டும் மேடைக்குக் கொண்டு வாருங்கள்.

மேடையில் கதைக்க விருப்பமான சோடிகள் கூட்டம் முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போது செயலாளரிடம் பெயர் கொடுங்கள். என் தங்கை ஏற்கனவே எங்கள் இரண்டு பேரின் பெயரையும் கொடுத்துவிட்டா, என்னைக் கேளாமல்.